பெர்காவி ஏன் கோல் போடவில்லை?

ஷ்ரேயாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மூன்று வாரமாக ஒரே பேச்சு. டொலானோ பெரியவனா, பெர்காவி பெரியவனா?

இருவருமே உலகப் புகழ் பெற்ற கால்பந்து வீரர்கள். ஆகஸ்டில் இருவரும் பழைய கிளப்பை விட்டுப் புதிய கிளப்புக்குப் போனார்கள். டொலானோவின் விலை தொள்ளாயிரம் கோடி, பெர்காவியின் விலை ஆயிரத்து நூறு கோடி. அவர்கள் பாட்டுக்கு ஐரோப்பாவில் விளையாடிக்கொண்டிருக்க, மைசூருவில் ஐந்தாம் கிராஸ் என்ற குறுக்குத்தெருப் பிள்ளைகள்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

டொலானோ கட்சிக்குத் தலைவன் வினய். ஐந்தாம் கிராஸ் அணியில் அதிகமாகக் கோல் போடுகிறவன், அதைவிட அதிகமாகப் பேசுகிறவன். பெர்காவி கட்சியில் ஒரே ஒரு ஆள், சென்னிமலை. அப்பாவுக்குத் தேவராஜ மார்க்கெட் வாழை மண்டியில் வேலை கிடைத்ததால் ஜூனில்தான் மார்டள்ளி கிராமத்திலிருந்து குடிவந்தவன். அணியின் கோல்கீப்பரும் கேப்டனுமான ஷ்ரேயா இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

சண்டை போட இது நேரமே இல்லை. தசரா வந்துவிட்டால் ஊரில் காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் சுற்றுலா வண்டிகள் நிறுத்தப் போய்விடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சின்ன மைதானம் மட்டும்தான் மிஞ்சும். லீவு முழுக்க அது யாருக்கு என்று முடிவு செய்ய, ஐந்தாம் கிராஸும் ஏழாம் கிராஸும் வருடா வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோதிக்கொள்ளும். அணிக்கு ஆறு பேர். ஒருவர் குறைந்தாலும் மைதானம் கைவிட்டுப் போகும். ஐந்தாம் கிராஸில் இருந்ததே சரியாக ஆறு பேர்தான்.

புதன்கிழமை பயிற்சியின்போது வினய் மறுபடி ஆரம்பித்தான். புது கிளப்பில் ஒன்பது மேட்ச் ஆடி டொலானோ எட்டு கோல் போட்டிருந்தான். பெர்காவி ஒன்றுகூடப் போடவில்லை.

"ஒரு கோலுக்கு எத்தனை கோடின்னு கணக்குப் போடு குரு," என்றான் வினய். யாரைக் கூப்பிட்டாலும் அவனுக்கு 'குரு'தான். "ஆயிரத்து நூறைப் பூஜ்யத்தால வகுக்கவே முடியாதுன்னு மிஸ் சொன்னாங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ரேயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சென்னிமலையின் முகம் சுருங்கிப்போனது. பெர்காவி மோசமான ஆட்டக்காரன் இல்லை என்று மட்டும் முணுமுணுத்தான்.

பிறகு இருவரும் சேர்ந்து, நீயே தீர்ப்புச் சொல் என்று ஷ்ரேயாவின் உயிரை எடுத்தார்கள். தொலையட்டும், ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்தாள் அவள். வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் லேப்டாப்பில் இருவரும் ஆடியதில் ஆளுக்கு ஒரு மேட்சை முழுதாகப் போட்டுப் பார்த்தாள். கோலை மட்டும் வெட்டிக் காட்டும் வீடியோவில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அந்த இருவரில் யாருடைய காலுக்குப் பந்து வந்தாலும் நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

டொலானோவுக்கு அறுபத்திரண்டு கோடு. பெர்காவிக்குப் பதினொன்று.

பெர்காவி ஓடிக்கொண்டேதான் இருந்தான். ஆள் இல்லாத இடத்தில் போய் நின்று கையைத் தூக்கிக் காட்டினான். அந்த அணியின் பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அவனை யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் கோல் கம்பத்தருகே நின்றபோது, இடது ஓரமாகக் கையைத் தூக்கியபடி ஓடும் சென்னிமலை கண்ணில் பட்டான். ஷ்ரேயாவுக்கு என்னவோ போல் ஆனது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். வினய்க்கு முப்பத்து நான்கு முறை பந்து வந்தது, சென்னிமலைக்கு இரண்டே முறை. அந்த இரண்டும் யாரோ காலில் பட்டுத் தெறித்து வந்தவை. அவளே பத்தொன்பது முறை பந்தை எறிந்திருந்தாள், பத்தொன்பதும் வினய்க்கு. அவளுக்குச் சுருக்கென்றது.

பயிற்சி முடிந்ததும், நம் பெர்காவியும் இன்றைக்குப் பூஜ்யம்தான் என்று வினய் கேலி செய்தான். சென்னிமலை ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கெழம நா வர்ல. வேற ஆளப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வினய் திகைத்துப்போய், தமாஷுக்குத்தானே சொன்னேன் என்று இழுத்தான்.

"சும்னிரு வினய்," என்று எரிந்து விழுந்த ஷ்ரேயா, நோட்டை எடுத்து இன்றைய கணக்கையும் அடியில் எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் புரட்டிப் பார்த்தான். "அவன் கோல் போடறதில்ல, அதான் யாரும் பந்து குடுக்கறதில்ல," என்றான்.

"யாரும் பந்து குடுக்கறதில்ல, அதான் கோல் போடறதில்ல."

வினய் நோட்டை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

சனிக்கிழமை ஷ்ரேயா மார்க்கெட்டுக்குப் போனாள். மண்டி வாசலில் வாழைத்தார்களுக்குப் பக்கத்தில் சென்னிமலை உட்கார்ந்திருந்தான். அவளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நோட்டை அவன் மடியில் வைத்தாள்.

"கடைசி வரியப் பாரு. பத்தொம்போது தடவ பந்து போட்டிருக்கேன், உனக்கு ஒண்ணுகூட இல்ல. தப்பு என்னோடது. நாளைக்கு மொதல் பந்து உனக்குத்தான்."

அவன் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினான். அப்புறம் நிமிராமலே சொன்னான். "தெனமும் கையத் தூக்கிட்டேதான் ஓடுனேன். நாலு மாசமா."

"வந்துடு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஷ்ரேயா திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். ஷ்ரேயா சொன்னபடியே முதல் பந்தை அவனுக்கு எறிந்தாள். பந்து வந்து பழக்கமில்லாத அவன் அதில் கால் வைத்துச் சறுக்கி விழுந்தான். ஏழாம் கிராஸ் கேப்டன் கிரண் அதைப் பறித்துக்கொண்டு வந்து கோல் போட்டான். எல்லோரும் ஷ்ரேயாவை முறைத்தார்கள். அவள் அடுத்த பந்தையும் சென்னிமலைக்கே எறிந்தாள். அது கோட்டைத் தாண்டி வெளியே போனது. வினய் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கஷ்டப்பட்டு மூடிக்கொண்டான்.

மூன்றாவது பந்து சென்னிமலையின் காலில் நின்றது. இரண்டு பேரைத் தாண்டி வினய்க்குத் தள்ளினான், வினய் கோல் அடித்தான். கடைசி நிமிடத்தில் வினயைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். இடது ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. வினய் பந்தை அங்கே தட்டிவிட்டான். சென்னிமலை ஓடி வந்து ஒரு உதை விட்டான். கிரண் அணிக்கு என்ன நடந்தது என்று தெரிவதற்குள் மைதானம் ஐந்தாம் கிராஸுடையது ஆகிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் வினயும் சென்னிமலையும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். தெருமுனை வரைதான் நிம்மதி. எட்டு கோல் எட்டு கோல்தான் என்றான் வினய். பெர்காவிக்கும் பந்து வரட்டும், அப்புறம் பேசு என்றான் சென்னிமலை.

"இன்னொரு தடவ அந்தப் பேரு என் காதுல விழுந்துது," என்றாள் ஷ்ரேயா, "ரெண்டு பேரையும் ஏழாம் கிராஸுக்கு வித்துடுவேன்."

இருவரும் சட்டென்று நின்றார்கள்.

"எவ்வளவுக்கு?" என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

ஷ்ரேயா தலையில் அடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். யாருக்கு விலை அதிகம் என்று பேசிக்கொண்டே இருவரும் பின்னால் வந்தார்கள்.