ஸ்டீபன் இன்னும் லாகின்ல இருக்கான்

டெலிபோன் அலறியது.

கனகவல்லி வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு எடுத்தாள்.

"மேடம், ஹடப்சர்லேர்ந்து அனந்தராமன் பேசறேன். செத்துப் போனவன் ஒருத்தன் எங்க ஆபீஸ்ல வேலை பாத்திருக்கான்."

"சம்பளம் கேட்டானா?"

"விளையாடாதீங்க மேடம். பேங்க்குகளுக்கு நாங்க எழுதற சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோட் மொத்தமும் வெளிய போயிடுச்சு. காப்பி பண்ணினது ஸ்டீபனோட லாகின். அவன் போன மழைக்காலத்துலயே பைக் ஆக்ஸிடெண்ட்ல போயிட்டான்."

கனகவல்லி துப்பினாள். "வரேன்."

2004. புனேயில் தெருவுக்குத் தெரு சாஃப்ட்வேர் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது கனகவல்லியின் தொழில். களவு போன பிறகுதான் கூப்பிடுவார்கள். அவள் தலையெழுத்து!

மீட்டிங் ரூமில் மூன்று பேர். முதலாளி அனந்தராமன். சர்வரையும் எல்லார் லாகினையும் பார்த்துக்கொள்ளும் அருண்ராஜ். மூலையில், அழுது வீங்கிய முகத்தோடு ஜான்சி... டெஸ்டிங் பிரிவில் இருப்பவள். ஸ்டீபனின் மனைவி.

"காப்பி ஆனது இந்தப் பொண்ணோட மெஷின்லேர்ந்து," என்றார் அனந்தராமன். "புருஷனோட பாஸ்வேர்டு இவளுக்குத் தெரியும். இன்னிக்கே போலீஸ்ல குடுக்கப் போறேன்."

"வேலைய விட்டுப் போனாலே லாகினை மூடணும். உலகத்தை விட்டே போனவன் லாகினை ஏன் மூடல?" என்றாள் கனகவல்லி.

அருண்ராஜ் தலையைக் குனிந்தான். "தப்பு என்னோடதுதான் மேடம். ஸ்டீபன் என் ஃப்ரெண்ட். மூடாதீங்க அண்ணான்னு ஜான்சி கையப் பிடிச்சுட்டு அழுதா. மனசு வரல."

கனகவல்லி ஜான்சிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏம்மா மூடக்கூடாது?"

"அவர் கேட்பாரு மேடம்."

"என்ன கேட்பாரு?"

"லஞ்ச் டைம்ல... என்ன சாப்பிட்டேன்னு. சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதி அவர் லாகின்ல ஓட விட்டிருந்தாரு. தினமும் என் ஸ்க்ரீன்ல வரும். பதில் போடற வரைக்கும் போகாது. லாகினை மூடினா அதுவும் நின்னுடும். அப்புறம் என்னைக் கேட்க யாரு இருக்கா?"

அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ என்ன பதில் போடுவே?"

"ஒண்ணும் இல்லைன்னு போடுவேன். தினமும் அதான். உடனே திட்டுவாரு. 'போடி, முதல்ல போய் சாப்பிடு'ன்னு வரும். அந்தத் திட்டு எனக்கு வேணும் மேடம்."

திருடர்களைப் பார்த்துப் பழகிய கனகவல்லிக்கு இது பழக்கமில்லை.

"அருண்ராஜ், இந்த ப்ரோக்ராம் உனக்குத் தெரியுமா?"

"இப்பதான் கேள்விப்படறேன் மேடம். ஸ்டீபன் லாகினை நான் தொட்டதே இல்ல."

"ஜான்சி, காப்பி ஆன அன்னிக்கு லஞ்ச் டைம்ல எங்க இருந்தே?"

"மொட்டை மாடில. அன்னிக்கு எங்க கல்யாண நாள். அந்தக் கேள்விய பாக்கவே தெம்பு இல்ல. எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன்."

"ஸ்க்ரீனைப் பூட்டாமலா?"

"பூட்டினா அவர் கேட்கறது தெரியாம போயிடுமோன்னு... நான் பூட்டறதே இல்ல."

"மாடில உன்னைப் பாத்தவங்க?" என்றார் அனந்தராமன்.

"புறாதான் சார் இருந்துச்சு."

கனகவல்லி எழுந்து போய் ஜான்சியின் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் போட்ட பதில்கள் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இல்லை... இல்லை... இல்லை... திருட்டு நடந்த அன்று மட்டும் வேறு!

திரும்பி வந்தாள்.

"அன்னிக்கு மட்டும் பதில் மாறியிருக்கு. ஜான்சி போட்ட மாதிரி தெரியல."

அருண்ராஜ் பெருமூச்சு விட்டான். "விட்டுடலாம் மேடம். புருஷன் போன துக்கத்துல ஏதோ பண்ணிட்டா. ராஜினாமா வாங்கிட்டு அனுப்பிடலாம், போலீஸ் வேணாம். ஒரு நாள் பசிச்சு, கடைல போய் மிசல் சாப்பிட்டேன்னு போட்டா அது வேற ஆளா?"

கனகவல்லி அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி... பதில் மாறியிருக்குன்னுதான் சொன்னேன். மிசல்னு நான் சொல்லலியே."

ஜான்சி மெல்ல நிமிர்ந்தாள்.

"அந்தக் கேள்வி, பதில் போடற வரைக்கும் போக மாட்டேன்னுச்சு," என்றான் அருண்ராஜ். "காப்பி ஓடிட்டிருந்துச்சு... யாராவது வந்துடுவாங்களோன்னு பயம். சாப்பிட்டதையே அடிச்சுட்டேன். வேற கம்பெனில பெரிய வேலை தரேன்னாங்க மேடம்..."

"அண்ணா," என்றாள் ஜான்சி. "எனக்காகத்தான் மூடலைன்னு சொன்னீங்களே."

போலீஸ் வந்து அழைத்துப் போகும் வரை அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"லாகினை மூடித்தான் ஆகணும்மா," என்றாள் கனகவல்லி. சொல்லும்போது அவளுக்கே வலித்தது.

"தெரியும் மேடம். லஞ்ச் டைம் வரைக்கும் மட்டும்..."

காத்திருந்தார்கள். அனந்தராமன் தன் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து ஜான்சி முன்னால் வைத்தார். "சந்தேகப்பட்டுட்டேன்மா. சாப்பிடு." கண்ணீரோடு நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கேள்வி வந்தது. ஜான்சி, என்ன சாப்பிட்டே?

அவன் போனதிலிருந்து அவள் ஒரு நாளும் சாப்பாட்டின் பேரைப் போட்டதில்லை. போட்டால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தாங்க முடியாது என்றும் தெரியும்.

தயிர் சாதம் என்று அடித்தாள்.

ஸ்டீபன் உடனே கேட்டான்:

'எனக்கு ஏதாவது மிச்சம் வச்சியா, இல்ல டப்பாவையும் சேத்து முழுங்கிட்டியாடி?'