பெண்கள் பக்கத்துச் சிரிப்பு

சாரல்தானே என்று அலட்சியமாகக் கரியில் ஓடும் பஸ்ஸை விட்டு இறங்கியவன், தெருவைக் கடப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டான்.

உத்தமபாளையத்து மழைக்கு அந்தக் குறும்பு உண்டு. மலைப்பக்கமிருந்து பன்னீர் தெளிப்பதுபோல் வரும். நம்பி வெளியே வந்தால் குடத்தைக் கவிழ்த்துவிடும். சண்முகராஜ் தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். எதிரே டூரிங் டாக்கீஸ் கூடாரம். அதன் ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு சார்ப்பு... அதில் சின்னதாக ஒரு டிக்கெட் சன்னல். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நேரம் ஏது? ஓலைக்கடியில் நுழைந்துவிட்டான்.

"இது பொம்பளையாளுக பக்கம். ஆம்பளையாளுக அங்கன."

முதலில் குரல்தான் வந்தது. பிறகு சன்னல் கம்பிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... மழையை விடக் குளிர்ச்சியான, ஆனால் கொஞ்சமும் இரக்கமில்லாத கண்கள்.

"படப்பெட்டிங்க. நனையுது..." என்றான்.

"பெட்டிய இங்கன குடுங்க. நீங்க அந்தப் பக்கமாப் போங்க."

"நானுந்தான் நனையிறேன்."

"நீங்க காஞ்சுருவீக. படம் நனைஞ்சா காயுமா?"

கேட்டவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டு, கொட்டும் மழையில் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் வாசலுக்குப் போனான் சண்முகராஜ். போகும் வழியெல்லாம் அந்தக் கண்கள் கூடவே வந்தன.

அவள் செல்வமணி. கூடார முதலாளி சுந்தர்ராஜின் ஒரே மகள். தேனி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த மனிதர், சினிமா ஆசையில் கூடாரத்தை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். பெண்களுக்கு டிக்கெட் கொடுக்க ஒரு பெண்தான் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கூடாரத்தின் நடுவே நீளமாக மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். பெண்கள் பக்கத்து ஓலைக்கடியில் எந்த ஆண்பிள்ளையும் கால் வைக்கக் கூடாது. சட்டம் போட்டவரே சுற்றிக்கொண்டுதான் போவார்.

சண்முகராஜ் போடிக்காரன். அண்ணனோடு ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தவன், தன் பங்கை அண்ணனிடமே கொடுத்துப் பணமாக வாங்கி, நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துவிட்டான். 'வழி தவறிய மாப்பிள்ளை'. பெண் பார்க்க வந்தவன் வீடு மாறிப் போய் விருந்து சாப்பிடுகிற காதல் தமாஷ். செலவு லட்ச ரூபாய். நோட்டீஸில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என்ன போட்டு என்ன... மதுரையில் ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள். இந்தக் கூடாரத்திலும் ஓடாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு யாரும் பெட்டியைத் தொட மாட்டார்கள். அவன் போடிக்குத் திரும்பி, அண்ணனிடம் சம்பளத்துக்கு ஏலக்காய் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

முதல் நாள் பாதிக் கூடாரம் காலி. மறுநாள் அதைவிடக் காலி. அதுகூடப் பரவாயில்லை, வந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீடு மாறி நுழைகிற இடத்தில் ஒரு இருமல் சத்தம். அவன் கிளம்ப முடியாதபடி அந்த வீட்டுப் பெண் செருப்பை ஒளித்து வைக்கிற காட்சியில் பீடிப் புகை மட்டும். அந்தக் காட்சி சண்முகராஜ் சொந்தமாக யோசித்துக் கொடுத்தது. தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் மணல் வெறிச்சென்று கிடந்தது. ஓரத்தில் செல்வமணி, கன்னத்தில் கை வைத்து, கற்சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமையோடு பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சுந்தர்ராஜ். அடுத்த படம் காத்திருக்கிறதாம்.

மனசு கேட்காமல் மறுநாள் சன்னல் அருகே போனான். ஓலைக்கு வெளியேதான் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். படத்துல ஒரு இடத்துலகூடவா உங்களுக்குச் சிரிப்பு வரல?"

செல்வமணி நிமிர்ந்து பார்த்தாள். "வந்துச்சு. அந்தச் செருப்ப ஒளிக்கிற இடத்துல பல்லக் கடிச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

"ஒத்தப் பொம்பள சத்தமாச் சிரிச்சா தட்டிக்கு அங்கிட்டு உக்காந்திருக்கவுக எல்லாம் திரும்பிப் பாக்க மாட்டாகளா? நாலு பேரு சிரிச்சா நானும் சிரிப்பேன். இங்கிட்டுச் சிரிச்சாத்தான் அங்கிட்டும் சிரிப்பாக. கல்யாணப் பேச்சக் கேட்டு ஆம்பளையாளுக மட்டும் எப்படிச் சிரிப்பாக?"

அவனுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் படத்தைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்தான்... பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்டான். அவள் பொறுமையாகச் சொன்னாள். நிலா இல்லாத நாட்கள். எல்லோரும் பகலெல்லாம் நாற்று நடுகிறவர்கள். பக்கத்து ஊரான கோகிலாபுரத்திலிருந்து வயல் வரப்பில் பாம்பு பூச்சிக்கு நடுவே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டில் யார் வருவார்கள்? பகலில் கொட்டடித்துப் போகிற விளம்பர வண்டியை, பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு அனுப்பி அழைத்து வந்தால் என்ன என்றாள்.

அங்கேதான் சண்முகராஜின் மீசை துடித்தது. "லட்ச ரூபாய்ப் படத்துக்கு வீடு வீடாப் போயி ஆள் பிடிக்கச் சொல்றீகளா?"

"அப்ப லட்ச ரூபாய மடியில கட்டிக்கிட்டுப் போடிக்கே போங்க" என்று சன்னலைச் சாத்தினாள்.

சாத்திவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்கு வேலை எதுவும் ஓடவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம்... நனைந்த கோழி மாதிரி நின்ற அந்த முதல் நாள் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வெள்ளிக்கிழமை பெட்டி போய்விடும். பெட்டியோடு... சே, அவன் போனால் எனக்கென்ன? எனக்கென்ன என்று கேட்கக் கேட்கத்தான் என்னவோ செய்தது.

மறுநாள் பொழுது சாய்ந்தது. விளம்பர வண்டியை ஓட்டும் ஒச்சாண்டி மாட்டைப் பூட்டுவதைப் பார்த்தாள். வண்டிக்கு முன்னால் பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பளபளக்கிற பூட்ஸோடு சண்முகராஜ் நின்றிருந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. வீம்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போலும்.

இருட்டிய பிறகு ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அதற்கும் முன்னால் வந்தது சிரிப்புச் சத்தம். வண்டி நிறையப் பிள்ளைகளும் வயதானவர்களும். பின்னால் வரிசையாக நடவுப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால், இடுப்புவரை சேற்றோடு ஒரு உருவம்... கையில் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான மொக்கம்மாள் சன்னலில் கை நீட்டினாள். "ஆத்தா, இவுக பூட்ஸு காலோட வரப்புல வழுக்கி நாத்தங்காலுக்குள்ள விழுந்துட்டாக. விழுந்தவுக வெளக்கத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே விழுந்தாக. இதவிடவா உள்ள தமாஷ் இருக்கப் போகுது? டிக்கெட்டக் குடு."

செல்வமணி அவனைப் பார்த்தாள். மீசையில்கூடச் சேறு. அவளால் முடியவில்லை... வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட சண்முகராஜுக்கு, லட்ச ரூபாயும் அந்தச் சேற்றிலேயே போயிருந்தாலும் வருத்தமில்லை என்று தோன்றியது.

அன்று படம் வேறு படமாக இருந்தது. மாப்பிள்ளை வீடு மாறி நுழைந்ததும் மொக்கம்மாள் தொடையில் அடித்துச் சிரித்தாள். பெண்கள் பக்கம் முழுவதும் பற்றிக்கொண்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கனைப்பு, ஒரு சிரிப்பு, பிறகு கூடாரமே குலுங்கியது. செருப்புக் காட்சியில் வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டி போகவில்லை. நிலாக் காலம் வந்தபோது வண்டியே தேவைப்படவில்லை. தூரத்து ராயப்பன்பட்டியிலிருந்தும் நடந்து வந்தார்கள். மற்ற ஊர்க் கூடாரங்களும் பெட்டியைக் கேட்கின்றன, போட்ட லட்சம் திரும்பிவிடும் என்று மதுரையிலிருந்து நண்பர்கள் தந்தி அடித்தார்கள். சுந்தர்ராஜ், போடியில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்றெல்லாம் சண்முகராஜிடம் சும்மா விசாரிப்பதுபோல விசாரித்தார்.

கம்பத்துக் கூடாரத்திற்குப் பெட்டி கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. அன்றும் மழை. சண்முகராஜ் பெட்டியோடு சன்னல் முன்னால் வந்தான். சட்டத்தை மீறாமல் ஓலைக்கு வெளியே நின்று நனைந்தான்.

"கெளம்பிட்டீகளா?" என்றாள் அவள்.

"படம் ஓடிருச்சுன்னு எல்லாரும் சந்தோசப்படுறாக. எனக்கு உங்க சிரிப்பு ஒண்ணுதான் மனசுல நிக்குது. அது தெனமும் காதுல கேக்கணும்போல இருக்கு. உங்க அப்பாகிட்டக் கேக்கப் போறேன்... அதுக்கு முன்ன உங்ககிட்டக் கேக்கணும்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மொத நாளு நீங்க நனைஞ்சு நின்னப்பயே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மனசும் அப்பயே போயிருச்சு. ரெண்டையும் பல்லக் கடிச்சு அடக்கிக்கிட்டேன்." சார்ப்பின் சின்னக் கதவைத் திறந்தாள். "பெட்டிய அங்கனயே வச்சிட்டு நீங்க உள்ள வாங்க."

"படம் நனைஞ்சா காயாதுன்னு நீங்கதானே..."

"வாங்கன்னா..."

அவன் பெட்டியை மழையிலேயே வைத்துவிட்டு ஓலைக்கடியில் வந்தான். கூடாரத்து வாசலில் நின்ற சுந்தர்ராஜ் அதைப் பார்த்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை... அதட்டுவதற்கு வாயைத் திறந்தவர், மகள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தத் தகரப் பெட்டிக்குக் குடை பிடித்தார்.