குசினிக்குள் ஒரு கப்று!

"யா அல்லாஹ்!"

மேசன் அச்சிமுகம்மது அலவாங்குக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

பின்னால் நின்ற றினோஸாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய அடுப்படியில் அத்திவாரத்துக்கு வெட்டிய குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள்... அலறினாள்!

குழிக்குள் ஒரு மண்டையோடு!

மூன்று பிள்ளைகள். ஒரே ஓர் அறை. நாலாவது வயிற்றில். "குசினிய இடிச்சிப்போட்டு ரெண்டு அறை எடுப்பமே" என்று அவளும் வருடா வருடம் கேட்டாள். "அடுத்த போகம் வெட்டினாப் பொறகு பாப்பம்" என்று கணவன் பர்ஸானும் வருடா வருடம் சொன்னான். உம்மா நாச்சியாவும் மருமகன் பக்கம்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இன்று காலை பர்ஸான் கல்முனை பஸாரில் கடை திறக்கப் போனான். உம்மா நிந்தவூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். றினோஸா மேசனுக்கு ஆள் அனுப்பினாள்.

ஏன் கேட்க வேண்டும்? வீடு அவளுடையது. சாய்ந்தமருதில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிற ஆள்!

வந்து பார்த்துவிட்டு ரெண்டு பேரும் வாயைப் பிளக்கட்டும் என்று நினைத்தாள்.

பிளக்கத்தான் போகிறார்கள்.

பொலிஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அபுல் ஹஸன் இறங்கினார். பக்கத்து ஊர்க்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

குழிக்குள் குந்தி, மண்ணைக் கையால் விலக்கினார். மக்கிப்போன ஓர் அகலமான தோல் இடுப்பு வார் வந்தது. வெள்ளிப் பூட்டு.

"ஆர்ட வார் இது? தெரியுமா, புள்ள?"

றினோஸா சுவரைப் பிடித்தாள்.

"என்ட... என்ட வாப்பாட!"

அப்துல் கபூர்! தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினைக்குள் வயலுக்குப் போனவர், திரும்பவேயில்லை. அந்த நாட்களில் போன பலர் திரும்பவில்லை. யாரும் துருவிக் கேட்கவுமில்லை.

"ஆரோ கொண்டு போய்ட்டாங்க எண்டுதானே ஊர் சென்னது, சேர்?" மேசன் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"கொண்டு போனவன் திருப்பிக் கொண்டாந்து இவர்ட குசினிக்குள்ளயே கப்று வெட்டி அடக்குவானா, காக்கா? இஞ்ச வந்து பாருங்க. தலை வடக்க. உடம்பு வலப்பக்கம் சரிஞ்சிரிக்கி. முகம் எங்க?"

மேசன் பார்த்தார்.

"கிப்லாவுக்கு... மக்காப் பக்கம்..."

"ஓம்! கொன்டவன் நம்மட ஆள். கொல்லக்க நடுங்காத கை, அடக்கக்க நடுங்கியிரிக்கி!"

செய்தி பஸாருக்கு ஓடியது. பர்ஸான் சைக்கிளை வேலியில் சாத்தாமலே போட்டுவிட்டு உள்ளே வந்தான். கொஞ்சம் பிந்தி நாச்சியாவும் பஸ்ஸால் இறங்கி வந்தாள். குழியைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் பர்ஸான் முன்னால் போய் நின்றார்.

"பொண்டாட்டி வருசா வருசம் கேட்டும் இந்தக் குசினியில கை வெக்க உடல்லயாமே... ஏன்?"

பர்ஸான் குழியைப் பார்த்தான்.

"கேக்கிறன், செல்லுங்க!"

"நான்தான் சேர்."

"என்ன நீங்கதான்?"

"நான்தான் மாமாவக் கொன்டன்!"

றினோஸாவின் காது அடைத்தது. தன் பிள்ளைகளின் வாப்பாவா? சீதனமே கேட்காமல் தன்னை நிக்காஹ் செய்தவனா? தங்கமான மாப்பிள்ளை என்று ஊரே மெச்சியவனா?

விலங்கு மாட்டும் சத்தம்... கிளிக்!

அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"பாவி! என்ட உம்மா என்ன பாடு பட்டா! வாப்பா காணாமப் போன மறுநாளே இத்தாவுக்கு இருந்தாவே... வெள்ளயக் கட்டிக்கிட்டு மூலைக்குள்ள கிடந்தாவே... அப்பவும் இந்த ஊட்டுக்கு வந்து போனியே! உனக்கு மனசே இல்லயா?"

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் நின்றார்.

மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சென்னீங்க, புள்ள? மறுநாளே இத்தாவா?"

"ஓம் சேர். அண்டையில இருந்து வாசலுக்கும் வரல்ல. ஒரு ஆம்புளைக்கு முகம் காட்டல்ல."

இத்தா! கணவன் மவுத்தான பெண் வீட்டுக்குள் ஒதுங்கி இருக்கிற காலம். கணவன் இறந்தவள்தான் இத்தா இருப்பாள். காணாமல் போனவனின் பெண் காத்திருப்பாள். உடல் மையத்தாக வீட்டுக்கு வர வேண்டும்... இல்லை, செய்தி வர வேண்டும்... இல்லை, காதியார் தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

இன்ஸ்பெக்டர் மூலையைப் பார்த்துக் கேட்டார்.

"மையத்து வரல்ல. செய்தி வரல்ல. நீங்க எப்படி மறுநாளே இத்தாவுக்கு இருந்தீங்க, உம்மா?"

நாச்சியாவின் கையிலிருந்து முக்காடு நழுவியது.

கொலையை மறைக்கத் தெரிந்தவளுக்கு, கடமையைத் தள்ளிப் போடத் தெரியவில்லை!

"மாமி, கதைக்காதீங்க!" பர்ஸான் கத்தினான்.

"போதும் மகன்." நாச்சியா எழுந்தாள். "அந்த மனிசன் அக்கரைப்பற்றுல வேறொருத்தியக் கட்ட நிண்டாரு. அவர்ட பேர்ல இருந்த இந்த ஊட்ட வித்துப்போட்டுப் போறன் எண்டாரு. ஊடு இல்லாத புள்ளய ஆர் சேர் கட்டுவான்? உலக்கைதான் கையில அம்பிட்டிச்சி..."

"அடக்கினது?"

"மருமகன். என்ட கூடப்பொறந்த காக்காட மகன்தானே, அந்த நேரம் பாத்து ஊட்டுக்கு வந்தான். நான் அழுதன். அவன் தோண்டினான்."

றினோஸா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவோ உறைத்தது. உறைத்த இடம் எரிந்தது.

"சும்மாவா தோண்டினாரு?"

பர்ஸான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உம்மா! சும்மாவா தோண்டினாரு?"

"உன்னக் கேட்டான்." நாச்சியா நிலத்தைப் பார்த்தாள். "ஊட்டோட. எண்டைக்காவது வெளிய வந்தா பழிய நான் எடுப்பன் எண்டு வாக்குத் தந்தான்."

சீதனம் வாங்காத மாப்பிள்ளை!

"அப்ப... நான்தான் தோண்டு கூலியா?" பர்ஸானைக் கேட்டாள்.

"தொடக்கத்துல அப்படித்தான் றினோ." விலங்குக் கையால் கண்ணைத் துடைத்தான். "மறுகா அப்படி இல்ல. அல்லாஹ் அறிய இல்ல."

அவள் நம்பினாள். அதுதான் இன்னும் கசந்தது.

இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் உறுமியது. பிள்ளைகள் மூன்றும் வேலியோரம் நின்று, உம்மம்மாவுக்குக் கை காட்டின. எலும்புகளை எடுத்துப் போக வேறு வாகனம் வரும் என்று ஒரு பொலிஸ்காரன் காவலுக்கு நின்றான்.

மேசன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"மகள்... கேக்கவும் வாய் வரல்ல. வேலைய என்ன செய்ற? ரெண்டு அறையும் எடுக்கிறயா, இல்லாட்டி...?"

றினோஸா தெருவில் எழும்பிய புழுதி அடங்கும்வரை பார்த்தாள்.

"குழிய மூடுங்க காக்கா. இஞ்ச ரெண்டு பேர் குறைஞ்சிட்டாங்க... இனி இந்த ஊடே எங்களுக்கு மிச்சம் பெரிசு!"