சொல்லளவுச் சட்டம்

செவ்வாய்க் கிரகத்தில் உள்ள செம்மணல் குடியிருப்பில் ஒருவர் துணி வாங்க வேண்டுமென்றால் முதலில் வீட்டில் உள்ள மற்றவர்களை வெளியே அனுப்புவார். கதவைச் சாத்துவார். பிறகு சுவரருகே போய்த் தன் இடுப்பளவைத் தணிந்த குரலில் சொல்வார். சுவர் அதை வடக்கே உள்ள தொழில்நகருக்கு அனுப்பும். அடுத்த சரக்கு ஊர்தியில் துணி வந்துவிடும்.

ஒரு காலத்தில் சுவரே அளந்தது. அதில் பதித்திருந்த அளவுக்கண், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தலை முதல் கால் வரை சரியாகச் சொல்லிவிடும். சொல்லிவிடும் என்பதுதான் சிக்கல். விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் ஒரு பெரிய மனிதரிடம், "சென்ற மாதத்தைவிட இடுப்பு இரண்டு விரற்கடை கூடியிருக்கிறது" என்று சுவர் சொல்லிவிட்டது. குடியிருப்பே கொதித்தெழுந்தது. காற்றுக்கு வரி போட்டபோது வாயைத் திறக்காத சனங்கள் இதற்கு ஊர்வலம் போனார்கள். முடிவில் சொல்லளவுச் சட்டம் வந்தது. எந்த இயந்திரமும் மனித உடலை அளக்கக் கூடாது. அவரவர் வாயால் சொல்வதே அளவு.

எழில்நங்கை காற்றுக்குழாய்களின் இணைப்புகளைச் சோதிக்கும் பொறியாளர். மயிரிழை பிசகினாலும் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுடைய ஒரே மகள் தும்பைக்கு இந்த ஆண்டு வெளிநடை. புழுதி அடங்கிய ஒரு நாளில், ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் குடியிருப்பை மூடிய கூரைக்கு வெளியே அழைத்துப் போவார்கள். செவ்வாயாண்டுக்கு ஒருமுறைதான். இதைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் வயது தாண்டிவிடும். தும்பை கூரையில்லாத வானத்தைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு சோடி அழுத்தக் காலணி. அது காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கசியும்.

"ரெண்டு கூட்டியே சொல்லேன், வளர்ற பிள்ளைதானே" என்றான் கணவன் அறவாழி.

"கால் என்னவோ அதத்தான் சொல்லணும்" என்று அவனை அடக்கிவிட்டு, மகளின் பாதத்தைத் தட்டின் மேல் வைத்து அளந்து, சுவரிடம் இருபத்தொன்று என்று சொன்னாள்.

காலணி வந்தது. பெட்டியிலும் இருபத்தொன்று, காலணியின் உள்ளேயும் இருபத்தொன்று. ஆனால் தும்பையின் குதிகால் வெளியேதான் நின்றது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு திணித்துப் பார்த்தது. கண்ணில் நீர் முட்டியது. "சேந்துடும்மா, கொஞ்சம் வலிக்குது, அவ்ளோதான்" என்றது. எழில்நங்கை கருவியை எடுத்துக் காலணியை அளந்தாள். பத்தொன்பது! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காலணி பறந்துபோய் எதிர்ச் சுவரில் மோதியது. மோதிய சுவரையே கூப்பிட்டு தொழில்நகர் அங்காடியில் விற்பனையைக் கவனிக்கும் இயந்திரமான கணியனைப் பிடித்தாள்.

"இருபத்தொண்ணுன்னு எழுதி பத்தொம்போத அனுப்பியிருக்கீங்களே, வெக்கமா இல்ல? பிள்ளைங்க உயிரோட விளையாடுறீங்களா?"

"உயிரைக் காக்கத்தான் அம்மா இந்த ஏற்பாடு" என்றது கணியன். "உங்கள் குடியிருப்பில் பெற்றோர் எல்லோரும், வளரும் பிள்ளை என்று இரண்டு கூட்டித்தான் சொல்கிறார்கள். முன்பு சொன்னபடியே அனுப்பினோம். காலணி தொளதொளத்து ஒரு குழந்தைக்குக் கால் விறைத்துப்போயிற்று. அன்று முதல் இரண்டைக் கழித்துவிடுகிறோம். எண்ணை மட்டும் நீங்கள் சொன்னபடி அச்சடிப்போம். மாற்றினால் கோபித்துக்கொள்கிறார்கள்."

"நான் பொய் சொல்லலையே!"

"ஆம் அம்மா. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை."

ஊரார் புளுகுக்குத் தன் மகள் தண்டனை அனுபவிப்பதா? என்ன அநியாயம் இது! உண்மை சொல்கிறவளுக்கு இந்தக் கிரகத்தில் ஒரு செருப்புகூடக் கிடைக்காதா என்று கத்தினாள். கணியன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அதற்கும் ஒரு வழி உண்டு என்றது. வீட்டின் பெயரில் உண்மைக்குறி போட்டுவிட்டால், அந்த வீட்டார் எல்லோருக்கும் இனி சொன்ன அளவே வரும். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. காலணியும் வெளிநடைக்கு முன்பே விரைவு ஊர்தியில் வந்துவிடும்.

"போடு குறிய! இந்த நிமிஷமே போடு!"

"நன்றி. கணவருக்குக் காற்சட்டை இடுப்பு முப்பத்திரண்டு. இதுவரை கூட்டி அனுப்பினோம். இனி இதையே உறுதிசெய்யலாமா?"

கல்யாணத்தன்று இருந்த இடுப்பு இன்னும் மாறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அறவாழி, குறுக்கே வந்தான். "எதுக்கும்மா வம்பு? இந்த வருஷம் இல்லாட்டி... ஒரு படம் போட்டுக் காட்டிட்டாப் போச்சு" என்று இழுத்தான்.

"உங்க தொப்பைக்காகப் பிள்ளை வானத்தப் பாக்காம இருக்கணுமா? நீங்கல்லாம் ஒரு அப்பனா?" அவள் போட்ட சத்தத்தில் அறவாழி அடுத்த அறைக்கே போய்விட்டான்.

"அடுத்து, உங்கள் ரவிக்கை அளவு முப்பத்துநான்கு என்று இருக்கிறது" என்றது கணியன். "இனி முப்பத்துநான்கே அனுப்பலாமா?"

எழில்நங்கை குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள். தும்பை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் காத்திருந்தது. அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

"குறியெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் கடைசியில், எரிந்து விழுந்து. "காலணி இருபத்திமூணு. விரைவு ஊர்தியில அனுப்பு."

"மிக்க மகிழ்ச்சி அம்மா" என்றது கணியன்.

வெளிநடை நாளன்று தும்பை புதுக் காலணியோடு செம்மண்ணில் குதித்துக் குதித்துப் போனாள். போகிற வழியெல்லாம் தலையை அண்ணாந்தபடியே நடந்தாள். வாசல் கண்ணாடிக்கு இப்பால் நின்ற எழில்நங்கைக்குக் கோபம் மட்டும் ஆறவேயில்லை.

"பெட்டியில ஒண்ணு எழுதுறான், உள்ள ஒண்ணு வைக்கிறான். இந்த மாதிரிப் பொய்யனுங்கள நான் பாத்ததே இல்ல" என்றாள், பக்கத்தில் இருந்தவளிடம்.

சுற்றி நின்ற தாய்மார்கள் எல்லோரும், "அநியாயம், அநியாயம்" என்று தலையாட்டினார்கள். கண்ணாடிக்கு அப்பால் அவர்களுடைய பிள்ளைகளின் காலணிகளும் கச்சிதமாகவே பொருந்தியிருந்தன.