ஈசான மூலைக் கேற்

காலி வீதியில இருந்து அக்கா வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பினா உடனே கேற். மூச்சு விடவும் நேரம் கிடைக்காது. மழை இருட்டில நான் தடுமாற, பின்னால பஸ் ஹோர்ன் அடிச்சுக் கத்திச்சுது. நல்ல காலம், ஆரோ விசில் அடிச்சு என்ர காரை உள்ளுக்கு எடுத்துவிட்டார்.

"புது வாச்சர் வச்சனீங்களோ அக்கா?"

அக்காவின்ர முகம் வெளிறிப்போச்சு. "இல்லையடி ராணி."

அத்தான் கதிரையில குனிஞ்சபடி இருந்தார்.

அத்தான் கனகசபாபதி றோட்டு இன்ஜினியர். சந்தியோட ஒட்டிக் கேற் வைக்கக் கூடாது, திரும்புற வாகனமும் வெளிய வாற வாகனமும் முட்டுப்படும் எண்டு எத்தினை பேரின்ர பிளானைத் திருப்பி அனுப்பின மனுசன்! மகள் தாரிகாவின்ர கலியாணம் இழுபட, வாஸ்துக்காரன் சொன்னானெண்டு மதில் நடுவில இருந்த கேற்றைச் சந்திப் பக்கம், ஈசான மூலைக்கு மாத்தினார். படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சுதோ! கலியாணம் நடந்தது. பிறகு ஒருநாள் தாரிகாவின்ர காரை வெளிய எடுத்துவிட்ட வாச்சர் அழகுமுத்துவை, சந்தியால திரும்பின வான் அடிச்சுப் போட்டுது.

"உடனே மூடியிருக்கலாமே அத்தான்?"

"தாரிகா மாதிரிப் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில சுவர் இடிக்கக் கூடாதெண்டினம். நானும் கேட்டுக்கொண்டு இருந்திட்டன். அவனைச் சாகடிச்சது நான்தான் ராணி."

மழை மணத்துக்குள்ள பீடிப் புகை மணத்தது. அழகுமுத்து ஓயாமல் பீடி குடிப்பார்.

வெளியில விசில்.

நீட்டி, ஆறுதலா. 'வாங்க, வாங்க' எண்ட மாதிரி.

முற்றத்தில தாரிகா, கிளினிக்குக்குப் போகக் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு பிள்ளை!" அத்தான் செருப்பும் போடாமல் பாய்ஞ்சார்.

பிரேக் கீச்சிட்டுது. காருக்கு ஒரு முழம் பின்னால, சந்தியால திரும்பின லொறி ஒண்டு பறந்து போச்சு.

தாரிகா கார்க் கதவைத் திறந்தாள். "வாச்சர் வரச் சொன்னாரப்பா. கண்ணாடியில கை காட்டினார்."

அத்தான் மழைக்குள்ள நிண்டு கும்பிட்டார். "அழகுமுத்து, பிள்ளையை விடு. மாத்தினது நான். என்னைக் கூப்பிடு."

விசில் நிண்டுது.

அடுத்த நாளே, ஆர் சொல்லியும் கேளாமல், மூலையைக் கல்லு வச்சு அடைச்சார். நடுமதிலை இடிச்சுக் கேற்றைப் பழைய இடத்தில போட்டார். தாரிகாவுக்கு ஒரு குறையுமில்லாமல் பெடியன் பிறந்தான்.

ஆனா அந்தியானா அத்தான் கதிரையை விட்டு எழும்பிறார். எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்காது. அவர் முகம் எங்களைப் பார்த்தபடி, கார் பின்னுக்குப் போற மாதிரி, அடைச்ச மூலைக்குப் பின்பக்கமா நடக்கிறார்.

நேற்று நான் கையைப் பிடிச்சு இழுத்தன். வரேல்ல. முதுகு சுவரில முட்டிச்சுது.

சுவருக்கு அங்கால ஆரோ ரெண்டு தரம் தட்டினார், 'சரி, இன்னும் வரலாம்' எண்டு.