பன்னிரண்டாவது குரல்

மேல்காட்டுத் தேயிலையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிவிட்டால் பக்கத்தில் கொழுந்து பறிப்பவள்கூடத் தெரியமாட்டாள். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் ஆளுக்கொரு எண்ணாகக் கூவுவார்கள். பதினோரு பேர். பதினொன்று வரை வந்துவிட்டால் எல்லோரும் பத்திரம்.

அன்று காலை எஸ்தர்தான் கடைசி. "பதினொண்ணு!" என்று கூவி முடித்தாள். உடனே பள்ளத்துப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது.

"ஊ... ம்ம்..."

பானைக்குள்ளிருந்து வருவது போன்ற குரல்! போன மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில்தான் லில்லி விழுந்து செத்தாள். அவள் எண் பன்னிரண்டு. "லில்லி கூப்பிடுறா!" என்று ஒருத்தி அலற, கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் லயத்து வீடுகளுக்கு ஓட்டம் பிடித்தார்கள்.

எஸ்தரும் இரண்டடி ஓடினாள். ஆனால் எங்கோ கேட்ட குரல் போலிருக்க, நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு ராக்காயியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, அது லில்லி இல்ல. நம்ம நொண்டிச்சி!"

சுருக்குக் கம்பியில் கால் அறுபட்ட பெண் கடமான் அது. இருவரும் முறைவைத்து வேலியோரம் அதற்கு உப்புக் கஞ்சி வைப்பார்கள். சட்டியைப் பன்றி கவிழ்க்கிறதே என்று எஸ்தர்தான் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் வாயை மான்தலை நுழையும் அளவுக்கு அறுத்து, கல்லுக்கு நடுவில் வைத்தாள். மூன்று நாளாகக் குடத்தையும் காணோம், மானையும் காணோம்.

"தலை மாட்டிக்கிச்சுக்கா. மூணு நாளாத் தண்ணி இல்ல. இன்னைக்கு விட்டா செத்துரும்."

ராக்காயி செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டாள். "பேயா இருந்துச்சுன்னா, உன்னைத்தான் முதல்ல தள்ளிவிடுவேன். நட!"

பள்ளத்தின் விளிம்பில் நின்று எஸ்தர் மெல்லக் கூவினாள். எதிர்க்கரையில் மஞ்சு விலகியது. அங்கே தலையில்லாத ஓர் உருவம்! கழுத்துக்கு மேலே நீல உருண்டை மட்டும் ஆடியது. அது ஓரடி முன்னே வைத்தது. கற்கள் சரசரவென்று பாதாளத்தில் உருண்டன.

"வாயை மூடுடி! உன் குரலுக்குத்தான் அது வருது!"

எஸ்தர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சோறு போட்ட குரலே அதைக் கொல்லப் பார்க்கிறதே! இருவரும் மூச்சுக் காட்டாமல் விளிம்பைச் சுற்றிப் போய், சரிவு குறைந்த இடத்தில் ஓடையில் இறங்கினார்கள். முழங்கால் வரை அட்டை. வழுக்குப்பாறையில் நாலுகாலாக ஏறி, மானுக்குப் பின்புறம் வந்தார்கள். மஞ்சு மறுபடி மூடிக்கொண்டது.

"வாம்மா... கஞ்சி..." என்று எஸ்தர் கூப்பிட்டாள்.

ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை. பிறகு நொண்டிக் குளம்பின் ஓசை. நல்லவேளை, அவர்களை நோக்கி!

அருகே வந்ததும் மான் துவண்டு முன்னங்காலை மடித்தது. எஸ்தர் குடத்தைக் கட்டிப்பிடித்தாள். ராக்காயி கத்தியால் கீறினாள். பிளாஸ்டிக் பிளந்து இரண்டு பெரிய கண்கள் வெளியே வந்தன. மான் ஓடைக்குத் தடுமாறி இறங்கிக் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது.

பிளந்த குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவர்கள் லயத்துக்குள் நுழைந்தபோது, ஒளிந்திருந்த ஒன்பது பேரும் கதவைத் திறந்து கும்மாளமிட்டார்கள்.

"நல்லது செய்யுறதுன்னாலும், அது எப்படித் திங்கும்னு பாத்துச் செய்யணும்" என்றாள் எஸ்தர். அன்றே உப்பைத் தட்டைப் பாறைமேல் தூவினாள்.

மறுநாளும் மஞ்சு. எஸ்தர் "பதினொண்ணு!" என்றாள். எல்லோரும் காது கொடுத்தார்கள். பள்ளம் பேசவில்லை.

"பன்னெண்டு" என்று எஸ்தரே லில்லிக்காக மெல்லச் சொல்லிவிட்டுக் கொழுந்தில் கை வைத்தாள்.