ஊற்ற ஊற்றக் குடிக்கும் வண்டி

வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிரபாவதிக்கு அதுதான் பிடிபடவில்லை. சேலைக் கட்டுகளைக் கடையில் போட அம்மையார்குப்பத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவை மேல்கோடு வரை நிரப்பியிருந்தாள். திருத்தணி மலை விளக்குகள் கண்ணில் படுவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. இருட்டத் தொடங்கிய சாலையோரம் நிறுத்தி பானெட்டைத் தூக்கினால், டப்பா துடைத்து வைத்தாற்போல் காய்ந்து கிடந்தது.

மெக்கானிக் அண்ணன் முருகவேல் தன் கையாலேயே தெர்மோஸ்டாட் மாற்றி, போன மாதம் சும்மாவே கொடுத்த வண்டி இது. புருஷனை இழந்த எந்தத் தங்கச்சிக்கு இப்படியோர் அண்ணன் வாய்ப்பான் என்று தறிக்காரர்கள் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவள் அவள்.

அவன் சொல்லிக்கொடுத்தபடியே செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓஸ் கிளிப்புகள் இறுக்கமாக இருந்தன. தெர்மோஸ்டாட் மூடியைச் சுற்றிலும் ஈரமில்லை. ஆயில் குச்சியில் பால் நிறம் இல்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ஆனால் கொதிக்கும் ரப்பர் நாற்றத்துக்கும் கூலன்ட்டின் திகட்டும் இனிப்புக்கும் நடுவே, வாடிய மல்லிகையும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை பின்கதவுப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. பின்சீட்டில் அவள் மகள் அபி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சூடு தணியும்வரை காத்திருந்துவிட்டு, கேன் தண்ணீரை டப்பாவில் ஊற்றினாள். இன்ஜின் அணைந்துதான் இருந்தது. தண்ணீர் அவள் கண்ணெதிரே இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. மடக். மடக்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, எங்கியும் லீக் இல்ல. ஊத்த ஊத்த காணாம போவுது."

"காத்து அடைச்சிகினு இருக்கும்மா. ஊத்திகினே வா."

"வண்டி ஆஃப்ல கீது. அப்பவும் குடிக்குதுண்ணா."

அவன் குரல் தாழ்ந்தது.

"இந்த வண்டியிலதான் மணவூராண்ட ஒரு பொம்பளைய இட்ச்சிட்டேன். பின்சீட்டுல படுக்க வச்சி கூட்டிகினுதான் போனேன். தண்ணி தண்ணின்னா. நிறுத்தினா மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன். செத்துப்போனா. அப்பால என்னை விடவே இல்ல. அதான் மலையில வண்டிக்குப் பூஜை போட்டப்ப உன் பேரு, நட்சத்திரம் சொன்னேன். எலுமிச்சம்பழத்து மேல வண்டிய உன்னையே ஏத்தச் சொன்னேன். வண்டி இனிமே யாருதுன்னு அவளுக்குத் தெரியணும்ல."

அன்று சந்நிதி வாசலில் அவன் கண் கலங்கியதைப் பாசம் என்று நினைத்திருந்தாள் பிரபாவதி. கூடப் பிறந்தவன்!

"பாவி, உள்ள என் கொழந்த கீதுடா!"

அவன் போனை வைத்துவிட்டான்.

ஓடினாள். பின்கதவை இழுத்தாள். திறக்கவில்லை. கண்ணாடியில் உள்பக்கமெல்லாம் மூச்சுப் படிந்திருந்தது. முகத்தைப் பதித்துப் பார்த்தாள்.

அபி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட பாட்டிலைப் பக்கத்துக் காலி இடத்தில் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். தண்ணீர் விழுந்தது. சீட்டை எட்டவில்லை.

மடக். மடக்.

"ம்மா, இவங்களுக்கு இன்னும் வேணுமாம்."

பாட்டில் காலி.

அபியின் கை இறங்கவில்லை. யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் மணிக்கட்டில் சதை அழுந்தியிருந்தது. அபி அம்மாவைப் பார்த்தாள். பாட்டிலைப் பிடித்திருந்த அபியின் விரல்கள், நுனியிலிருந்து, ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கின.